கார்ல்சன் – கார்யாகின், நியூயார்க் 2016: கடைசி ரேபிட் ஆட்டம் எந்த நகர்த்தலில் முடிந்தது?

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

நேற்று ராத்திரி அந்தச் சதுரங்க ஆட்டத்தை மறுபடியும் பலகையில் வைத்து முதல் நகர்த்தலிலிருந்து நிதானமாக ஆடிப் பார்த்தேன். எல்லோரும் 50ஆவது நகர்த்தலைத்தான் பேசுகிறார்கள். கார்ல்சன் ராணியை எச்6இல் (ஏ முதல் எச் வரை வரிசை, 1 முதல் 8 வரை எண், இரண்டும் சேர்ந்தால் ஒரு கட்டம்) வைத்தது, எதில் வெட்டினாலும் மேட், ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. படம் போட்டுச் சட்டையில் அச்சடிக்கிற அளவுக்குப் புகழ்பெற்ற நகர்த்தல், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த ஆட்டம் அதற்கு நாலு நகர்த்தல் முன்னாலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. 46ஆவதில் கார்யாகின் யானையை சி7இலிருந்து ஏ7க்குக் கொண்டுபோனாரே, அங்கே. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

நிலவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2016 நவம்பர், உலகச் சாம்பியன்ஷிப் போட்டி, சாம்பியன் கார்ல்சனுக்குச் சவால் விட்டவர் கார்யாகின். 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்கள் 6–6 என்று சமன். நவம்பர் 30ஆம் தேதி டைபிரேக், அதாவது சமனை முறிக்கிற ஆட்டங்கள், அன்றைக்குக் கார்ல்சனுக்கு 26ஆவது பிறந்தநாள். நாலு ரேபிட் (குறைந்த நேர) ஆட்டங்கள், ஆளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். முதல் இரண்டும் டிரா. மூன்றாவதில் கறுப்பு ஆடிய கார்ல்சன் ஜெயித்தார். அதனால் நாலாவதில் அவருக்கு டிரா போதும். கார்யாகினுக்கோ கறுப்புக் காய்களோடு ஜெயித்தே ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது.

இப்போது 46ஆவது நகர்த்தலுக்கு வருவோம். கார்ல்சன் யானையை சி1க்குக் கொண்டுவந்து சி7இல் நின்ற கறுப்பு யானைக்கு நேரெதிரே நிறுத்தினார். யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிற நகர்த்தல். மாற்றினால் கறுப்புக்கு ராணியும் பிஷப்பும்தான் மிஞ்சும், வெள்ளைக்கு ராணியும் யானையும். அதில் கறுப்பு ஜெயிக்க முடியாது, ஜெயிக்காவிட்டால் பட்டம் போச்சு. அதனால் கார்யாகின் மாற்றாமல் யானையை ஏ7க்கு நகர்த்தி, அங்கிருந்து ஏ2க்கு இறங்கித் தாக்கப் பார்த்தார். ஆனால் அவர் விலகியதும் சி வரிசை முழுக்கத் திறந்துவிட்டது. மூன்று நகர்த்தல் கழித்து அதே வரிசையில் வெள்ளை யானை சி8க்கு ஏறிச் செக் வைத்தது, அடுத்தது எச்6. அந்த வழியைத் திறந்துவிட்டவர் கார்யாகின்தான். திறக்கச் சொன்னது புள்ளிப் பட்டியல்.

---

ஏ2யானை எழுதியது:

பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை. 46இல் வந்தவுடன் ஏதோ திடீரென்று நடந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நிலை அதற்கு முன்பே கறுப்புக்குச் சரியில்லை. 34ஆவதிலிருந்து பாருங்கள். வெள்ளைக் குதிரை பி5க்கு வந்து ஏ3இல் இருந்த யானையைத் தொட்டது. யானை பி3 சிப்பாயை வெட்டியது. உடனே குதிரை டி4க்குத் தாவி ராணியையும் யானையையும் சேர்த்துப் பிடித்தது. கார்யாகின் ராணியால் சி4 சிப்பாயை எடுத்துக்கொண்டு யானையை விட்டுவிட்டார், பிறகு ராணியால் அந்தக் குதிரையை எடுத்தார். மொத்தக் கணக்கில் யானையைக் கொடுத்துக் குதிரையும் இரண்டு சிப்பாயும் வாங்கியிருக்கிறார்.

இது சாதாரண ஆட்டத்தில் மோசமான வியாபாரம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், டிரா போதும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு எதிராக யானையை விட்டுக்கொடுத்து ஆடுகிறோம். இனி அவர் செய்ய வேண்டியதெல்லாம் காய்களை மாற்றிக்கொண்டே போவதுதான். 46ஆவது அதன் தொடர்ச்சி.

---

மதுரை_ரேபிட் எழுதியது:

நான் இன்னும் பின்னால் போகிறேன், தொடக்கத்துக்கே. கார்யாகின் சிசிலியன் (வெள்ளையின் இ4க்குக் கறுப்பு சி5 என்று பதில் சொல்கிற தொடக்கம்) ஆடினார். ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் யாருமே அதைத்தான் ஆடுவார்கள், இரண்டு பக்கமும் வெவ்வேறு சிப்பாய் அமைப்பு வரும், சண்டை வரும். அதற்குக் கார்ல்சன் என்ன செய்தார் என்றால் சண்டைக்கே இடம் கொடுக்கவில்லை. 5ஆவதில் குதிரையை சி3இல் வைக்காமல் எஃப்3 சிப்பாயைத் தள்ளினார். 7ஆவதில் சி4. சிப்பாய்கள் சி4இலும் இ4இலும் உட்கார்ந்தால் கறுப்புக்கு டி5 தள்ளுகிற வழி அடைபட்டுப்போகும், சிசிலியனில் கறுப்புக்கு மூச்சு வருகிற இடமே அதுதான். மூக்கைப் பிடித்த மாதிரி.

அதன் பிறகு கார்யாகின் ஏ சிப்பாயைத் தள்ளினார், எச் சிப்பாயைத் தள்ளினார், இரண்டு யானையையும் ஏ வரிசைக்குக் கொண்டுவந்தார், 29ஆவதில் குதிரையை எஃப்4இல் குதிக்க வைத்துச் சிப்பாய் அமைப்பைக் கிளறினார். அதெல்லாம் திறமையான ஆட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, கதவு திறக்கவில்லை.

இதே காட்சியை நாம் 2023 ஆகஸ்டிலும் பார்த்தோம், எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ. பாகுவில் உலகக் கோப்பை இறுதி. பிரக்ஞானந்தா, அப்போது 18 வயது, காலிறுதிக்கு முன்பே நகமுராவை ரேபிடில் வெளியேற்றி, அரையிறுதியில் கருவானாவை டைபிரேக்கில் சாய்த்துவிட்டு வந்திருந்தார். கார்ல்சனோடு இரண்டு கிளாசிக்கலும் டிரா. ரேபிட் முதல் ஆட்டத்தில் வெள்ளை ஆடியும் தோற்றார். இரண்டாவதில் கறுப்போடு ஜெயித்தாக வேண்டும், அதே சிசிலியன். கார்ல்சன் இரண்டாவது நகர்த்தலிலேயே சி3 தள்ளினார், 22 நகர்த்தலில் டிரா, முடிந்தது கதை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எதிராளி காயை வெட்டி மாற்றிக்கொண்டே வரும்போது, நம் பக்கம் எவ்வளவு திறமை இருந்தாலும் அதைக் காட்டுவதற்குப் பலகையில் காய் இருக்காது.

---

பழைய கடிகாரம் எழுதியது:

மூவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், தம்பிகளே. ஆனால் நீங்கள் மூவருமே கடிகாரத்தைப் பேசாமல் ரேபிடைப் பேசுகிறீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 25 நிமிடம், அதோடு 50 நகர்த்தலுக்குப் பத்துப் பத்து விநாடியாக 8 நிமிடம் 20 விநாடி. ஆக 50 நகர்த்தலுக்கு ஒருவருக்குக் கிடைப்பது 33 நிமிடம் 20 விநாடி. சராசரி எடுத்தால் ஒரு நகர்த்தலுக்கு 40 விநாடி. அதே போட்டியின் கிளாசிக்கலில் முதல் 40 நகர்த்தலுக்கு மட்டும் 100 நிமிடம், மேலே நகர்த்தலுக்கு 30 விநாடி. அதாவது சராசரியாக மூன்று நிமிடம். கார்யாகினை ருஷ்யப் பத்திரிகைகள் 'பாதுகாப்பு அமைச்சர்' என்று கூப்பிட்டது எதற்கு? அந்த மூன்று நிமிடத்தில் அவர் தேடுகிற தற்காப்பை வேறு யாராலும் தேட முடியாது என்பதற்கு. 3ஆவது, 4ஆவது கிளாசிக்கல் ஆட்டங்களில் கிட்டத்தட்டத் தோற்ற நிலையிலிருந்து மணிக்கணக்கில் போராடி டிரா எடுத்தாரே, அந்த மனிதர்.

ரேபிடிலும் அவர் அதையேதான் செய்தார். இரண்டாவது ரேபிட் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள், அதுதான் அன்றைய நாளின் உண்மையான அதிசயம் என்பேன். கார்ல்சன் கையில் ஜெயிக்கிற நிலை. கார்யாகின் கடிகாரத்தில் ஒவ்வொரு தடவையும் சேருகிற அந்தப் பத்து விநாடியை வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி, 84ஆவது நகர்த்தலில் ஸ்டேல்மேட் ஆக்கி டிரா எடுத்தார். ராஜா நகர இடமில்லை, செக்கும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கும்போது கை நடுங்கியது.

ஆனால் அந்த ஆட்டத்தில் செலவழித்த தெம்பை மூன்றாவதற்கு எங்கிருந்து கொண்டுவருவது? மூன்றாவதில் மறுபடி நேர நெருக்கடி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது தவறு, தோல்வி. ஆகவே என் பார்வையில் நாலாவது ஆட்டம் முடிந்தது 46இலும் இல்லை, 50இலும் இல்லை. இரண்டாவது ஆட்டத்தை டிரா செய்தபோதே அவர் அடுத்த இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டார்.

ஆனந்த்–கெல்ஃபாண்ட் 2012 மாஸ்கோ உலகப் பட்டப் போட்டியையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கேயும் 6–6, அங்கேயும் 25 நிமிடம் பத்து விநாடி. நாலில் மூன்று டிரா, இரண்டாவது ஒன்றில் மட்டும் ஆனந்த் 77 நகர்த்தலில் ஜெயித்தார். கெல்ஃபாண்ட் பல இடங்களில் நல்ல நிலையில்தான் இருந்தார், அந்த நிலையை ஆட நேரம் இல்லை. ஆனந்துக்கு நேரம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவர் கை அப்படி, யோசிப்பதற்கு முன்னால் கை சரியான காயைத் தொட்டுவிடும். பிறகு 2017 டிசம்பரில் ரியாத்தில் 48 வயதில் உலக ரேபிட் பட்டத்தை எடுத்தபோது, 15 சுற்றில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஒன்பதாவது சுற்றில் கறுப்போடு கார்ல்சனையே வீழ்த்தினார். அந்த வயதில், அந்த வேகத்தில்.

---

ஏ2யானை எழுதியது:

பழைய கடிகாரம் சார், தெம்பு என்று நீங்கள் சொல்வதில் எனக்கு ஒரு தடங்கல் இருக்கிறது. கார்யாகின் ரேபிடுக்குப் புதியவர் இல்லை. 2012இல் அஸ்தானாவில் உலக ரேபிட் சாம்பியன் அவர்தான், கார்ல்சன் இரண்டாவது. 2015 உலகக் கோப்பை இறுதியில் ஸ்விட்லரிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்று, தொங்கலில் நின்று, அங்கிருந்து எழுந்து வந்து கோப்பையை எடுத்தவர். ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலை அவருக்குப் பழகிய நிலை. நியூயார்க் முடிந்து ஒரு மாதத்தில் தோஹாவில் உலக பிளிட்ஸ் (ரேபிடைவிட வேகமான ஆட்டம்) பட்டம், அங்கே அவரும் கார்ல்சனும் ஒரே புள்ளி, டைபிரேக் கணக்கில் இவருக்குப் போனது. களைத்துப்போன ஆள், வேகம் இல்லாத ஆள் என்று சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

எனக்கு உண்மையில் கோபம் கார்ல்சன் மேல்தான். 12ஆவது கிளாசிக்கல் ஆட்டம். கையில் வெள்ளைக் காய், உலகப் பட்டத்தின் கடைசி ஆட்டம், 30 நகர்த்தலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாமல் டிரா. காசு கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ரேபிடில் நான் பலசாலி, அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளாசிக்கல் பட்டத்தையே ரேபிடில் தீர்த்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. 2018இல் லண்டனிலும் அதேதான், கருவானாவோடு 12ஆவது ஆட்டத்தில் நிலையும் நேரமும் தன் பக்கம் இருக்கும்போது 31ஆவது நகர்த்தலில் டிரா கேட்டார். காஸ்பரோவ் உள்பட எத்தனை பேர் விமர்சித்தார்கள்.

---

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

விமர்சித்தார்கள், அப்புறம் ரேபிடில் 3–0 என்று ஜெயித்துக் காட்டினார். விதி இருக்கிறது, டைபிரேக்கும் போட்டியின் பகுதிதான், எங்கே தன் பலம் அதிகமோ அங்கே எதிராளியை இழுப்பது சதுரங்கத்தில் முதல் பாடம். அதைப் பலகைக்கு உள்ளே செய்தால் பாராட்டுகிறோம், அட்டவணையில் செய்தால் ஏன் கோபம்?

ஆனால் பார்க்க வந்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது. அதற்குப் பதில் இல்லை என்னிடம்.

---

மதுரை_ரேபிட் எழுதியது:

கோபத்துக்குப் பதில் சொல்ல 2024 சிங்கப்பூர் போதும். குகேஷ்–டிங் உலகப் பட்டப் போட்டி, 14ஆவது ஆட்டம், 6.5–6.5. டிரா ஆகியிருந்தால் மறுநாள் ரேபிட். அந்த நிலையில் டிரா என்றுதான் பார்த்தவர்கள் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிங்குக்கு ரேபிட் அனுபவம், 2023இல் நெபோம்னியாச்சியை அதே ரேபிடில், கடைசி ஆட்டத்தில், கறுப்போடு, தன் யானையைத் தானே ஜி6இல், ராஜாவுக்கு முன்னால் நகர முடியாதபடி, கட்டுக்குள் வைத்துவிட்டு ஜெயித்தவர். குகேஷ் கையில் ஒரு சிப்பாய் கூடுதல், அதை வைத்துக்கொண்டு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 55ஆவதில் டிங் தவறாக யானையை எஃப்2இல் வைத்தார், பட்டம் சென்னைக்கு வந்தது. 18 வயசுப் பையன் டைபிரேக்குக்குக் காத்திருக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

---

செஸ்_அம்மா எழுதியது:

வணக்கம். நான் ஆடுகிறவள் இல்லை, என் மகள் ஆடுகிறாள், பத்து வயது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் கடைசி நிலையைப் பலகையில் வைத்துக் கொடுத்தேன். அவள் கேட்ட இரண்டு கேள்விகளை அப்படியே கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்று, சி8இல் யானை செக் வைத்தபோது ராஜா ஏன் எச்7க்கு ஓட வேண்டும், பிஷப்பை டி8இல் வைத்துத் தடுத்தால் என்ன? இரண்டு, கார்ல்சன் ராணியை வெட்டுக்கொடுக்காமல் வேறு ஏதாவது மெதுவாக ஆடி ஜெயித்திருக்க முடியாதா?

இன்னொன்று என் கேள்வி. ரேபிட் போட்டிகளில் நகர்த்தலை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார்கள். போன மாதம் ஒரு போட்டியில் கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டு அழுதுகொண்டே வந்தாள், எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. இதற்கு என்ன செய்வது?

---

ஏ2யானை எழுதியது:

அக்கா, பாப்பா கேட்ட முதல் கேள்வி பிரமாதமான கேள்வி. டி8இல் பிஷப்பை வைத்தால் வெள்ளை யானை அதை வெட்டி அங்கேயே மறுபடி செக். ராஜா எச்7க்குத்தான் போக வேண்டும். அப்போதும் அதே ராணி எச்6. ராஜா ராணியை வெட்டினால் யானை எச்8, மேட். ஜி சிப்பாயால் வெட்டினால் இன்னொரு யானை எஃப்7 சிப்பாயை எடுத்து மேட். ஒன்றுமே மாறவில்லை, ஒரு நகர்த்தல் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

மேட் எப்படி மேட் ஆகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். எச்5இல் ஒரு வெள்ளைச் சிப்பாய் நிற்கிறது பாருங்கள், ஜி6ஐ அதுதான் அடைக்கிறது. ராஜா ராணியை வெட்டி எச்6க்கு வந்தால் ஜி5க்கும் போக முடியாது, அந்தச் சிப்பாயையும் எடுக்க முடியாது, இரண்டையும் எஃப்5 யானை காக்கிறது. அந்தச் சிப்பாய் 39ஆவது நகர்த்தலிலேயே எச்5க்கு வந்து காத்திருந்தது. பார்க்கிறவர்கள் ராணியைப் பார்ப்பார்கள், நான் சிப்பாயைப் பார்ப்பேன்.

இரண்டாவது கேள்விக்கு, கார்யாகினின் ராணி எஃப்2இல், யானை ஏ2இல். அடுத்த நகர்த்தல் ராணி ஜி2, மேட். வெள்ளைக்கு மெதுவாக ஆட நேரமே இல்லை, விடாமல் செக் வைத்தாக வேண்டிய இடம். இரண்டு பக்கமும் ஒரே ஒரு நகர்த்தல் தூரத்தில் நின்றார்கள், முறை கார்ல்சனுடையது.

---

பழைய கடிகாரம் எழுதியது:

அம்மா, எழுதுவது பற்றி. நீங்கள் கேட்டது சரி, ரேபிடில் எழுதும் கட்டாயம் இல்லை. நான் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: ஆட்டம் முடிந்து கை கொடுத்ததும் அழுகை வந்தால் அழட்டும், தண்ணீர் குடிக்கட்டும், ஆனால் அடுத்த சுற்றுக்கு முன்னால் ஒரு நோட்டில் ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதிவிட வேண்டும். முதலில் 12, 15 நகர்த்தல்தான் வரும். நாலைந்து போட்டி கழித்து முப்பது வரும். எழுதும்போது எந்த இடத்தில் ஞாபகம் அறுந்து போகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பயம் வந்திருக்கும், அங்கேதான் தப்பும் இருக்கும். கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதையும் ஞாபகத்திலிருந்து பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

---

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

சார் சொன்ன இந்த 'ஞாபகம் அறுந்துபோகிற இடம்' என்னை எங்கோ கொண்டுபோய்விட்டது, அதனால் இதைச் சொல்கிறேன். நான் ஏன் 46ஆவது நகர்த்தலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்பதும் இதில் இருக்கிறது.

எட்டு வருடம் இருக்கும். ஒரு மாவட்ட ரேபிட் போட்டி, ஒரு கல்யாண மண்டபத்தில், கடைசிச் சுற்று. ஜெயித்தால் முதல் மூன்றில் ஒரு இடம், டிரா என்றால் ஒன்றுமில்லை. எதிரே உட்கார்ந்தவர் ரேட்டிங்கில் என்னைவிட மேலே, அவருக்கு டிரா போதும். யானைக்கு யானை மாற்றலாமா என்று நேரெதிரே கொண்டுவந்து வைத்தார். மாற்றினால் சமநிலை, சுத்தமான டிரா. எனக்கு நாலு நிமிடம் இருந்தது. அதில் இரண்டரை நிமிடம் அந்த ஒரே நகர்த்தலில் உட்கார்ந்தேன். காய் எங்கே போனால் நல்லது என்று யோசித்தேனா என்றால் இல்லை, மாற்றக் கூடாது, மாற்றக் கூடாது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. யானையை ஒதுக்கினேன். அவர் அதே வரிசையில் உள்ளே வந்தார், ஆறே நகர்த்தல். அதன் பிறகு என்ன ஆடினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

கார்யாகின் அப்போது 2772 ரேட்டிங் உள்ளவர், அவர் எதையும் பார்க்காமல் ஏ7க்குப் போயிருக்க மாட்டார். சி வரிசை திறக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போனார், ஏனென்றால் மிச்சமிருந்த வழியில் டிரா மட்டும்தான் இருந்தது, அவருக்கு டிராவும் தோல்வியும் ஒன்று. அடுத்த நகர்த்தலில் கார்ல்சன் ராணியால் எஃப்4 சிப்பாயை எடுத்தபோது ராணிக்கு ராணி மாற்றவும் வழி வந்தது, அதையும் தள்ளிவிட்டு ஏ2இல் செக் வைத்தார். இரண்டு தடவை மாற்ற வாய்ப்பு, இரண்டு தடவையும் மறுத்தார். அந்த மறுப்பு இல்லாவிட்டால் ராணி எச்6 என்ற நகர்த்தலே பிறந்திருக்காது.

---

ஏ2யானை எழுதியது:

இப்போது புரிகிறது. சரி, 46 என்றே வைத்துக்கொள்வோம். 34இலேயே வண்டி கிளம்பிவிட்டது என்பதை மட்டும் விடமாட்டேன்.

---

செஸ்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னதெல்லாம் மகளுக்குப் படித்துக் காட்டினேன். எச்5 சிப்பாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பலகையை 46ஆவது நகர்த்தலுக்குத் திருப்பி வைத்து, கறுப்புப் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டு, யானைக்கு யானை மாற்றி என்னை ஆடச் சொன்னாள். எனக்குக் காய் நகரத் தெரியும், அவ்வளவுதான். டிரா எடுத்துவிட்டாள். "அம்மா, இதுகூட நல்லாத்தானே இருக்கு" என்றாள். அவருக்கு டிரா போதாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யானையை எடுத்து ஏ7இல் வைத்தாள்.

சனிக்கிழமை அந்த இரண்டாவது ரேபிட் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், 84 நகர்த்தலையும்.